முத்தம்மாவிடம் கேட்காத கேள்வி

ருக்கு மாமி வாய் திறந்தால் சபை கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று டெல்லியில் ஒரு பேச்சு உண்டு. அவள் பாடகியும் இல்லை, கதை சொல்கிறவளும் இல்லை, மொழிபெயர்ப்பாளர். தமிழில் ஒருவர் பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ மாற்றிச் சொல்கிற வேலை. மத்திய அரசில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தப் பேர் வந்தது. அகதிகள், காணாமல் போனவர்களின் குடும்பங்கள், சிறையிலிருந்து மீண்ட மீனவர்கள் என்று யார் டெல்லிக்கு வந்து சாட்சி சொன்னாலும், தமிழ் என்றால் ருக்குவைக் கூப்பிடு என்றார்கள். அவளும் ஆர்.கே.புரத்திலிருந்து கைத்தறிப் புடவையும் வெந்நீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவாள்.

"இன்னிக்கு மொழிபெயர்க்கப் போறியா, கதாகாலட்சேபம் பண்ணப் போறியா?" என்று அவள் கணவர் வைத்தி கேட்பார்.

"ரெண்டும்தான். உங்களுக்கென்ன?" என்பாள்.

கேலிதான், ஆனால் பாதி நிஜம். மொழிபெயர்ப்பவர் ஒரு குழாய் மாதிரி இருக்க வேண்டும். இந்தப் பக்கம் விழுந்தது அந்தப் பக்கம் வர வேண்டும், அவ்வளவுதான். சாட்சி 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றைக் கூட்டவும் கூடாது, ஒன்றை விடவும் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்பதே ருக்குதான். ஆனால் தான் உட்காரும்போது ஓரிரு இடத்தில் கொஞ்சம் தணித்துவிடுவாள். வக்கீல் வெடுக்கென்று கேட்டதை இதமாகக் கேட்பாள். பாவப்பட்ட ஒருத்தி தடுமாறிச் சொன்னதைக் கோவையாக எடுத்துக் கொடுப்பாள். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்பது அவள் எண்ணம். வந்திருந்தாலும் தெரிய வழியில்லை. இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிந்தவள் பெரும்பாலும் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

இந்த ஜனவரியில் லோதி ரோடு பக்கம் ஒரு கட்டடத்தில் நடந்தது சாதாரணக் கூட்டம் இல்லை. ஐந்து நாடுகளின் மனித உரிமை ஆணையங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்திருந்தன. எல்லை தாண்டிக் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிப்பது அதன் வேலை. ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டுக் கரையில் படகேறி, மூன்றாவது நாட்டுக் கடலில் தொலைந்துபோனால் அவனுக்கு யார் பொறுப்பு? எங்கள் ஆள் இல்லை என்று ஒருவர், எங்கள் கரை இல்லை என்று ஒருவர், எங்கள் கடல் இல்லை என்று ஒருவர். இப்படி யாருக்கும் வேண்டாதவர்களாகப் போனவர்களுக்காக ஐந்து நாட்டு ஆட்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்ததே பெரிய காரியம். அவர்களை உட்கார வைப்பதற்குள் குழுவின் செயலாளர் ஸ்ரீவத்ஸனுக்குத் தலைமுடி பாதி போய்விட்டது.

குழு செய்யக்கூடியது இரண்டில் ஒன்று. ஆள் உயிரோடு இருக்கலாம் என்று குடும்பம் நம்பினால், ஐந்து நாட்டுச் சிறைகளிலும் காப்பகங்களிலும் தேடச் சொல்லும். இறந்துவிட்டான் என்று குடும்பத்துக்குத் தெரிய வந்திருந்தால், அதைக் கேட்டறிந்து இறந்துவிட்டான் என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பு ஐந்து நாட்டிலும் செல்லும். உடல் கிடைக்காதவனுக்கும் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. ஐந்து உறுப்பினர்களும் அறையில் இருக்கும்போது, குடும்பத்தார் நேரில் வந்து தம் வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. எழுதியதைப் பொய் என்று தள்ளிவிட எல்லா அரசாங்கத்திலும் ஆள் இருக்கிறார்கள் அல்லவா?

முத்தம்மா இலங்கையில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் கதிரவன், ஏஜெண்டு பேச்சைக் கேட்டு ஆஸ்திரேலியா போகிறேன் என்று கேரளக் கரையில் ஒரு படகில் ஏறினவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கரையை விட்ட படகைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அது நடந்து ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அவன் மனைவி தமிழ்செல்வி இன்னும் கழுத்தில் தாலியோடு, கொழுந்து பறித்துக்கொண்டு, தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறையில் மாமியாரோடு இருக்கிறாள். அவளுடைய அண்ணன் போன வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் பேசி வந்தபோது, அவர் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் அதே கட்டடத்தை ஒட்டிய விருந்தினர் விடுதியில் முத்தம்மாவைப் பார்த்ததுமே ருக்குவுக்குப் பிடித்துப்போயிற்று. குளிருக்கு ஒரு ஆண்பிள்ளை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குளிரெல்லாம் எங்க ஊர்க் குளிர் மாதிரிதாங்கம்மா. இந்தப் பொகதான் ஒத்துக்கல" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அங்க என்னம்மா கேப்பாங்க?" என்றாள்.

"எல்லாம் கேப்பாங்க. பயப்படாதீங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்."

"கேட்டாச் சொன்னாப் போதுமா, இல்ல நாமளாச் சொல்லணுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போறும்மா."

முத்தம்மா அதைக் கேட்டு நிம்மதியானது மாதிரித் தலையாட்டினாள். மகன் பேச்சை எடுக்கவே இந்தப் பெண்மணி எவ்வளவு கூச்சப்படுகிறாள் என்று ருக்கு உருகிப்போனாள். உருகுவதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை முதலில் வந்தது பங்களாதேஷிலிருந்து ஒரு கிழவர். இரண்டு பிள்ளைகளைக் கடலில் தொலைத்தவர். தலைமை வகித்த நேபாளத்து ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் மெதுவாகத்தான் கேட்டாள். பிள்ளைகள் இறந்துவிட்டார்கள் என்று நினைக்க உங்களிடம் காரணம் உண்டா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று. வங்காளி மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே கேட்டார். கிழவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். தண்ணீர் தெளித்து, டாக்டரைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு போனார்கள். ருக்குவுக்கு, இப்படியா ஒரு மனுஷரைப் போட்டு உடைப்பார்கள் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் கோபம் வந்தது.

அடுத்து முத்தம்மா. பேர், ஊர், படகேறிய இடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இலங்கையிலிருந்து வந்த உறுப்பினருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான் தெரியும். தமிழ் தெரிந்த ஸ்ரீவத்ஸனோ கிழவரோடு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வெளியே போயிருந்தான். நீதிபதி அம்மாள் அதே கேள்வியைக் கேட்டாள். "உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று நினைக்க உங்களிடம் காரணம் ஏதும் உண்டா, அம்மா? யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னார்களா?"

முத்தம்மா ருக்குவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்கு வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. ஒரு தாயிடம் போய் உன் மகன் செத்துவிட்டானா என்று நான் கேட்பேனா? கேட்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? தேடச் சொல்லத்தானே கடல் தாண்டி வந்திருக்கிறாள்?

"உங்க பையனைத் தேடச் சொல்லிக் கேட்டுக்கறீங்களான்னு கேக்கறாங்கம்மா" என்றாள்.

முத்தம்மா நீதிபதி அம்மாளைப் பார்த்தாள். மறுபடி ருக்குவைப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் கேக்கலீங்களா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

முத்தம்மா ஏதோ சொல்ல வந்தாள். பிறகு மேஜை மேலிருந்த ஐந்து நாட்டுச் சின்னக் கொடிகளையும், மைக்கையும், கோட்டுப் போட்டவர்களையும் பார்த்து அடங்கிப்போனாள். "பெரியவங்க பாத்து எது செய்யணுமோ செய்யட்டும்" என்றாள்.

ருக்கு மைக் பக்கம் குனிந்தாள். "என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மகன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் நம்புகிறேன். அவனைத் தேடிக் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. வேண்டுமென்று உடைத்ததல்ல, தானாகவே உடைந்ததுதான். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தேடச் சொல்லி உத்தரவாயிற்று.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ருக்குவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்ரீவத்ஸன் வந்து, "மாமி, ரொம்ப நன்னாப் பண்ணினேளாம். ஜட்ஜ் மேடம் ரெண்டு தடவை சொல்லிட்டா" என்றதும் இன்னும் ஒரு படி ஏறிவிட்டாள். முத்தம்மா தட்டில் பூரியை வைத்துக்கொண்டு பிய்க்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"மருமகளுக்குச் சொல்லிட்டீங்களாம்மா? போன் நம்பர் போடுங்க, நானே சொல்றேன்."

"வேணாங்கம்மா, பொறகு சொல்லிக்கிறேன்."

"பிறகென்ன பிறகு? பாவம், காத்துண்டிருப்பா." ருக்கு அவள் போனை வாங்கி, தமிழ்செல்வி என்றிருந்த பேரைத் தானே அழுத்தினாள். அஞ்சு நாட்டு ஜெயில்லயும் உன் புருஷனைத் தேடப் போறாங்கம்மா என்று சொன்னதும் அந்தப் பக்கம் வீலென்று ஒரு சத்தம், பிறகு அழுகையும் சிரிப்புமாக ஏதோ. ருக்குவும் அழுதாள், சிரித்தாள். முத்தம்மா மட்டும் பூரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று ருக்கு நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆர்.கே.புரத்து மலை மந்திருக்கு அழைத்துப் போனாள். டெல்லி வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் போவதா? படியேறும்போது ருக்குவுக்குத்தான் மூச்சு வாங்கியது. மலைக்காரியான முத்தம்மா நின்று நின்று அவளுக்குக் கை கொடுத்தாள். சந்நிதியில் ருக்கு அர்ச்சனைச் சீட்டை நீட்டினாள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார்.

"பேர் கதிரவன். நட்சத்திரம் என்னம்மா?" என்று ருக்கு திரும்பினாள்.

முத்தம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அவன் பேருக்கு வேணாம்மா."

"ஏம்மா? அவனுக்காகத்தானே வந்திருக்கோம்?"

"உசிரோட இருக்கறவங்க பேருக்குத்தானே அர்ச்சன பண்ணுவாங்க?"

குருக்கள் ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்தவர் தட்டை வாங்கிக்கொண்டார். ருக்கு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிராகாரத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார்கள். முத்தம்மா தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வேறு வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"மூணு வருசத்துக்கு முன்ன ஒரு பய வந்தான். படகுல இவங்கூடப் போனவன். மீன் புடிக்கிற கப்பல்காரங்க ஏத்தி எங்கயோ எறக்கி விட்டிருக்காங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊர் வந்து சேந்திருக்கான். தமிழ்செல்வி கொழுந்துக்குப் போயிருந்த நேரமாப் பாத்து வந்தான். படகு கவுந்தப்புறம் ராவு முழுக்க கதிரவன் கையப் பிடிச்சிட்டே தண்ணியில கெடந்தானாம். வெடியக்கருக்கல்ல கை தானாக் கழண்டுருச்சாம். சொல்லிட்டு அழுதான். நாந்தான் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்து அனுப்புனேன்."

"தமிழ்செல்விக்குத் தெரியாதா?"

"சொல்லல." முத்தம்மா தேங்காயின் குடுமியைப் பிய்த்தாள். "அவ தாங்க மாட்டாளேன்னுதான் மொதல்ல சொல்லல. பொறகு அது பொய்யின்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. சொன்னா அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். எனக்கு வேற யாரும்மா இருக்கா? அதான் சொல்லல. அவ தாலியக் காட்டி என் காலத்த ஓட்டிக்கிட்டேன். போன தீவாளிக்கு அவளுக்கு எண்ண தேச்சு விட்டேன். நரை ஓடியிருந்துச்சு. என்ன வயசு அவளுக்கு? அன்னைக்கே சொல்லிருவோம்னுதான் பாத்தேன். இத்தன நாள் மறச்சிட்டு எந்த வாயால சொல்ல?"

ருக்கு கையில் மிஞ்சிய அர்ச்சனைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தான் இந்தக் கமிட்டி பத்திச் சொன்னாங்க. அவங்களே கேப்பாங்க, செத்தது நிசந்தான்னு தெரிஞ்சா அவங்களே அறிவிச்சிருவாங்க, சாட்சி பேரு வெளிய வராதுன்னாங்க. சரி, அவங்க வாயால அவளுக்குத் தெரியட்டும். நாலு நாள் அழுவா. பொறகு அண்ணங்கூடப் போயி நல்லாருப்பா. எம்மேலயும் அவளுக்கு வெறுப்பு வராது, அப்பப்ப வந்து பாப்பான்னு ஒரு ஆச. அதுக்காவத்தாம்மா வந்தேன். அவங்க கேக்கவே இல்லியே."

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை ருக்கு. ஆனால் அந்தப் பிராகார ஓரத்தில் அவளால் முடியவில்லை.

"கேட்டாங்க" என்றாள்.

"எதம்மா?"

"நீங்க சொல்ற அதே கேள்விதான். யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டாங்க. நான்தான் உங்ககிட்ட கேக்கல. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். இல்லைன்னு நானே பதில் சொல்லிட்டேன்."

முத்தம்மா அவளைத் திட்டியிருந்தால் தேவலை. ருக்கு அதற்குத்தான் காத்திருந்தாள். அவளோ புரியாத ஒரு கணக்கைப் பார்க்கிறவள் மாதிரி ருக்குவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் தாங்குறதுக்குத்தானேம்மா வந்தேன்" என்றாள்.

ருக்கு அவளை இழுத்துக்கொண்டு லோதி ரோட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் ஆட்டோக்காரனை, "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினாள். விடுதி வாசலில் ஸ்ரீவத்ஸன் கடைசிப் பெட்டியை ஒரு காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன். ருக்குவிடம்தான் தமிழைத் தீட்டிக்கொண்டவன். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"என்ன மாமி பண்ணி வெச்சிருக்கேள்!" என்றான். பிறகு முத்தம்மாவைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "அச்சா, உக்காருங்கோ. ரெண்டு மெம்பர் ஏற்கெனவே ஏர்போர்ட் போயாச்சு. மேடம் இதோ கிளம்பறா. அஞ்சு பேரும் ரூம்ல இல்லாம ஒரு வார்த்தை வாங்க முடியாது."

"அடுத்த சிட்டிங்ல?"

"எந்த ஊர்ல, எப்போன்னு அஞ்சு சர்க்காரும் ஒத்துக்கணும். இதையே நடக்க விடக்கூடாதுன்னு எத்தனை பேர் நின்னா தெரியுமா? அடுத்தது உண்டான்னே எனக்குத் தெரியாது."

"நான் தப்புப் பண்ணினேன்னு எழுதித் தரேன், ஸ்ரீ. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஸ்ரீவத்ஸன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தாங்கோ. அப்புறம் என்ன ஆகும்? இந்தத் தடவை நீங்க மொழிபெயர்த்த மீனவாள், மத்த தமிழ்க் குடும்பம் அத்தனை பேரோட சாட்சியும் செல்லாதுன்னு சொல்லிடுவா. அந்த ஒரு பேப்பருக்காகவே காத்துண்டிருக்கா சில பேர். இப்ப இருக்கறபடி விட்டா, கதிரவனைத் தேடுவா. இல்லை இல்லைன்னு ஒவ்வொரு எடமாப் பதில் வரும். வருஷக்கணக்கா ஆகும். அது வரைக்கும் அவர் உயிரோட இருக்கறதாத்தான் கணக்கு."

இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முத்தம்மாவுக்கு எல்லாம் புரிந்தது.

"மத்தவங்களோடதக் கெடுக்க வேணாங்க தம்பி" என்றாள்.

"மாதாஜி, நீங்க சொன்னா நான் ஒரு தடவை..."

"வேணாம். அவங்கவங்க புள்ள அவங்கவங்களுக்கு."

ஸ்ரீவத்ஸன் கார்ப் பக்கம் போய்விட்டான். விடுதிப் புல்வெளியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருவரும் உட்கார்ந்தபோதே முத்தம்மாவின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, தமிழ்செல்விதான்.

திரையில் அவள் முகம் நிறையச் சிரிப்பு. தலை கொள்ளாத பூ. பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் முட்டிமோதிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தை! மாரியம்மனுக்குப் பொங்கல் வச்சிட்டு இப்பத்தான் வந்தோம். கங்காணி அம்மாகூட வந்தாங்க. அந்த டெல்லி அக்கா இருக்காங்களா? குடுங்க, நான் ஒரு வார்த்த பேசணும்."

முத்தம்மா போனை ருக்குவிடம் கொடுத்தாள். கேட்காமல் விட்ட உனக்கே இதைச் சொல்கிற பொறுப்பும் என்று கொடுத்தாளோ, மருமகள் கேட்டாள் என்பதற்காகத்தான் கொடுத்தாளோ, தெரியாது.

"அக்கா, உங்க வாய்க்குச் சக்கர போடணும். இன்னைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு இல்லக்கா. அத்தையப் பாத்துக்கங்க, சந்தோசத்துல சாப்பிடாமக் கெடப்பாங்க" என்றாள் தமிழ்செல்வி.

எத்தனை சபையை அழ வைத்த நாக்கு. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல ருக்குவுக்கு வரவில்லை. "அம்மா... தமிழ்செல்வி..." என்றாள். முத்தம்மா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள்.

"புள்ள, அவங்கள எல்லாம் போகச் சொல்லிட்டுக் கதவச் சாத்து."

"ஏன் அத்தை?"

"சாத்து."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தமிழ்செல்வி மட்டும் திரையில் இருந்தாள். சிரிப்பு இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை.

"தேட வேணாம் தாயி. அவன் கடல்லயே போயிட்டான்."

அந்தப் பெண் கத்தவில்லை. மூச்சு மட்டும் ஒரு தரம் உள்ளே போனது. "அங்க சொன்னாங்களா? அந்தக் கமிட்டியில சொன்னாங்களா?" என்றாள்.

ருக்கு சட்டென்று குனிந்து முத்தம்மாவின் காதில், "ஆமான்னு சொல்லிடுங்கம்மா" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் முத்தம்மா பிழைத்துக்கொள்வாள். வந்த காரியம்கூட முடிந்த மாதிரிதான். யாருக்குத் தெரியப்போகிறது?

முத்தம்மா தலையசைத்து மறுத்தாள். "அவங்க சொல்லல. கூடப் போன பய வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னான்."

"எப்ப வந்தான்?"

"மூணு வருசமாச்சு."

தமிழ்செல்வி அவளையே பார்த்தாள். டெல்லியில் உட்கார்ந்திருந்த ருக்குவுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. முத்தம்மா திருப்பிக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அவருக்காக வெளக்கேத்துனேன். திரி போட்டுக் குடுத்தது நீங்கதானே அத்தை" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா தாயி."

"எங்கண்ணன அனுப்பிச்சப்பவும் வாசல்ல நின்னுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"ஆமா."

திரை இருண்டது. முத்தம்மா அதைக் கொஞ்ச நேரம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துப் படிக்க வராது. ருக்குவிடம் நீட்டினாள்.

"மலையில அடிக்கடி சிக்னல் போயிரும். சிக்னல் போச்சுங்களா, இல்ல அவளா வச்சிட்டாளா, பாத்துச் சொல்லுங்கம்மா."

ருக்கு பார்த்தாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. முத்தம்மா காலையில் விசாரணை அறையில் பார்த்த அதே மாதிரி, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளே வச்சிட்டாம்மா" என்றாள் ருக்கு.

முத்தம்மா சரி என்று தலையாட்டினாள். ஒற்றை அறை வீட்டில் மருமகள் காதில் விழுந்துவிடுமே என்று மூன்று வருஷமாக வாய்விட்டு அழாதவள் அவள். இப்போது இரண்டு கையாலும் ஸ்வெட்டரைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, "ஏ கதிரவா, ஏ சாமி, எல்லாரும் போயிட்டீங்களேடா" என்று அந்தப் புல்வெளி முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

வாசலில் நின்ற காவலாளி ஓடி வந்து, என்ன ஆயிற்று, அம்மாள் என்ன சொல்கிறார் என்று ருக்குவிடம் ஹிந்தியில் கேட்டான்.

"என் மகன் செத்துவிட்டான் என்கிறார்" என்றாள் ருக்கு.